கரண்டி தொடாத டீச்சர்

எண்பதுகளில் முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் நின்று “கைகட்டி டீச்சர் வீடு எது?” என்று கேட்டால், சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவர்கூட வேலையைப் போட்டுவிட்டு வழி சொல்வார். எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது. ஆதிலட்சுமி எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவள் இல்லை. அவள் வகுப்பெல்லாம் அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நடந்தது. சர்க்கரை வந்தவர்களும் ரத்தக்கொதிப்பு வந்தவர்களும் நாக்கைச் சாகடிக்காமல் உடம்பையும் கெடுக்காமல் எப்படிச் சமைத்துச் சாப்பிடுவது என்பதுதான் பாடம். பாடம் முடிகிறவரை அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருப்பாள். அதனால் வந்த பெயர் அது.

அந்தக் கைகள் ஏன் பின்னால் போயின என்பதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

எல்லாம் ஆரம்பித்தது ஒரு விரதத்தில். சரியாகச் சொன்னால், விரதம் என்று கலியமூர்த்தி தானாக நினைத்துக்கொண்ட ஒன்றில். கலியமூர்த்தி ஆதிலட்சுமியின் கணவர். மில்லில் தறி ஓட்டுகிறவர். எழுபத்தாறாம் வருஷ வெயிலில் அவருக்குத் தாகம் அடங்கவில்லை. குடம் குடமாகக் குடித்தார், கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்தார், சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு சர்க்கரை வியாதி என்றார்கள். மாத்திரை கொடுத்து, சோற்றைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

குறையுங்கள் என்று சொன்னால் குறைக்கிற ஆளா அவர்? அடியோடு நிறுத்திவிட்டார். பெருமாளுக்குச் சனிக்கிழமை ஒருபொழுது இருந்து பழகிய மனிதர். ஒருபொழுது என்றால் நம்மூரில் என்ன? சோறு கிடையாது, பலகாரம் உண்டு. சோற்றுப் பருக்கை நாக்கில் படாமல் இட்லியை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம், பெருமாள் கணக்குக் கேட்க மாட்டார். அந்தச் சட்டத்தையே வியாதிக்கும் எடுத்துவைத்துக்கொண்டார் கலியமூர்த்தி. காலையில் இட்லி, மத்தியானம் இடியாப்பம், ராத்திரிக்குத் தோசை. ஆதிலட்சுமியும் முகம் சுளிக்காமல் மாவாட்டினாள். என் வீட்டுக்காரர் சோற்றைத் தொட்டே மாசக்கணக்காச்சு என்று தெருவில் பெருமையடித்துக்கொண்டாள். அவர் மட்டும் இளைத்துக்கொண்டே போனார்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, சர்க்கரை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அம்மாள், கலியமூர்த்தி என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். ஆதிலட்சுமி பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு அவள் முகம் விழுந்ததைப் பார்த்து, பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

“அரிசியை வடிச்சாலும் அரிசி, ஆட்டி அவிச்சாலும் அரிசிதாம்மா. பெருமாளு பாத்தும் பாக்காத மாதிரி இருப்பாரு, ரத்தம் இருக்காது.”

அவளுக்கு வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபம் என்று தெரியாததால் ஆட்டுக்கல்மேல் வைத்துக்கொண்டாள். ஆனால் நர்ஸ் அதோடு விடவில்லை. வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது என்று ஒரு நீலத் தண்ணீரைக் காட்டினார். கண்ணாடிக் குழாயில் அந்தத் தண்ணீரை ஊற்றி, சில சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அதற்கு மேலே போனால் மஞ்சள், எக்கச்சக்கமாக இருந்தால் செங்கல் நிறம்.

செங்கல் நிறத்தை ஆதிலட்சுமி முதல் நாளே பார்த்தாள். பார்த்ததும் பயந்துபோனாள். ஆனால் இன்னொன்றும் நடந்தது. சாப்பாடு உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதை நிறமாகக் கண்ணால் பார்க்க முடிகிறதே என்று அவளுக்கு ஒரு பரபரப்பு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவள் சமையலறை வேறு மாதிரி ஆகிவிட்டது. இட்லியைக் குறைத்து, கூடவே கிண்ணம் நிறைய முருங்கைக்கீரைப் பொரியல் வைத்தாள்: மஞ்சள். இட்லிக்குப் பதில் பாசிப்பயறு அடை வார்த்தாள்: பச்சை. கேழ்வரகு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி, செம்பு நிறையக் கூழ் கரைத்துக் கொடுத்தாள்: திரும்பவும் செங்கல். கேழ்வரகாகவே இருந்தாலும் அளவு என்று ஒன்று உண்டு என்று நர்ஸ் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் இவள் நிறங்களைச் சொல்லுவாள், அவர் காரணத்தைச் சொல்லுவார். வரும் வழியெல்லாம் ஆதிலட்சுமி மனசுக்குள் அடுத்த குழம்பைக் கூட்டிக்கொண்டே வருவாள்.

ருசிதான் பெரிய சண்டையாக இருந்தது. பத்தியம் என்றாலே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஆள் கலியமூர்த்தி. பாகற்காயைத் தட்டோடு தள்ளிவிடுவார். அவளும் விடவில்லை. தேங்காயைக் குறைத்த இடத்தில் வறுத்த கொள்ளு அரைத்துப் போட்டாள், எண்ணெயைக் குறைத்த இடத்தில் சின்ன வெங்காயத்தைச் சுட்டுப் போட்டாள். ஒரு நாள் அவர் கத்தரிக்காய்க் கொள்ளுக் குழம்பை வழித்து நக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார். அவள் சட்டியைக் கழுவுகிற சாக்கில் கொல்லைக்குப் போய் நின்று சிரித்துவிட்டு வந்தாள்.

பிறகு ஒரு காலையில் குழாயைக் காய்ச்சினாள், காய்ச்சினாள், நீலம் மாறவே இல்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கையில் இருப்பது என்ன என்பதையே மறந்து, அந்தக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினாள். எதிர் வீட்டு செல்வாம்பாள் வாசலில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

“நீலம்க்கா, நீலம்! இங்க பாரேன்!”

செல்வாம்பாள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து அழகாக இருக்கிறதே என்று பார்த்துவிட்டு, இது என்னா என்று கேட்டாள். என்ன என்று தெரிந்ததும் குழாயை அவள் கையில் திணித்துவிட்டு, தொடுத்த சரத்தையெல்லாம் தூரப் போட்டாள். ஆனால் செல்வாம்பாளுக்கும் சர்க்கரைதான். திட்டி முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, எனக்கும் அந்தச் சமையலைச் சொல்லிக்கொடு என்று கேட்டாள்.

ஆதிலட்சுமிக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. அன்றே போய் செல்வாம்பாள் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். நறுக்கினாள், தாளித்தாள், கிண்டினாள், இறக்கினாள். செல்வாம்பாள் சுவரில் சாய்ந்துகொண்டு, உன் கை ராசியான கை என்று பாராட்டினாள். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. இரண்டு வாரம் கழித்து ஆதிலட்சுமிக்குக் காய்ச்சல் வந்து படுத்தாள். எழுந்து போய்ப் பார்த்தால் செல்வாம்பாள் வீட்டுச் சட்டியில் பழைய புளிக்குழம்பு, தட்டு நிறைய சோறு, குழாயில் செங்கல். எல்லாம் பார்த்தேன், ஆனால் அடுப்பாண்டை போனால் கை பழசையே செய்யுது என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

அந்த ஏமாற்றம் ஆறுவதற்குள் அடுத்தது வந்தது. மில் வாசலில் யாரோ கலியமூர்த்தியிடம், பொண்டாட்டியைச் சமையல் வேலைக்கு அனுப்பிவிட்டாயாமே, மில்லில் கூலி பத்தவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். அவருக்கு மானம் கப்பலேறிவிட்டது. வீட்டுக்கு வந்தவர் கத்தவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவர் கத்தாமல் இருந்ததுதான் ஆதிலட்சுமிக்குப் பயமாக இருந்தது.

“உன்னாலதான் நான் உருப்படியா நடமாடுறேன், அத நான் இல்லன்னு சொல்லல,” என்றார். “நீ சொல்லிக்குடுக்கப் போறதுன்னா ராசாத்தியாட்டம் போ. சமைச்சிப் போடப் போறதுன்னா போவாத. அடுத்தவங்க ஊட்டுக் கரண்டியில உன் கை படக்கூடாது. பட்டுதுன்னு கேள்விப்பட்டேன், அன்னையோட நிறுத்திடணும்.”

அவளுக்கு அழுகை முட்டியது. கரண்டியைத் தொடாமல் சமையலைக் கற்றுக்கொடுப்பதாவது! இப்படிச் சொன்னால் தானாக நின்றுவிடுவாள் என்றுதான் மனுஷன் சொல்லியிருக்க வேண்டும். அவளோ சரி என்று சொல்லிவிட்டாள். ஒரு தடவை சொன்னால் அவளும் மாற மாட்டாள். இந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்துப் போயிருந்தது. சமையல்காரி என்று பேர் வாங்கி அதை இழப்பதைவிடக் கையைக் கட்டிக்கொண்டாவது டீச்சராக இருந்துவிட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டாள்.

மறுநாள் செல்வாம்பாள் வீட்டுக்குப் போய், முதல் வேலையாக ஒரு நாற்காலி கேட்டாள். அடுப்படியில் நாற்காலியா என்று செல்வாம்பாள் முழித்தாள். கால் ஆடுகிற ஒன்று இருந்தது, கொண்டுவந்து போட்டாள். ஆதிலட்சுமி உட்கார்ந்து கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, கடுகு போடு என்றாள்.

அந்தக் காலை அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். வெங்காயம் கருகுகிறது, கை குறுகுறுக்கிறது. எழுந்து ஒரு புரட்டுப் புரட்டினால் தீர்ந்தது, ஆனால் முடியாது. கருகுதுக்கா, மூக்குல படலியா என்று வாயால்தான் சொல்ல வேண்டும். செல்வாம்பாள் அன்றைக்குக் கருக்கினாள், அடுத்த நாள் கருகுவதற்கு முன்னாலேயே மோந்து இறக்கினாள். பயறு எந்தப் பதத்தில் வெந்தது என்று ஆதிலட்சுமி அமுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாததால், செல்வாம்பாள் தன் விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டியதாயிற்று. அந்த மாசம் முடிவதற்குள் அவள் துணை இல்லாமல் சமைத்தாள். ஒரு நாள் அவளே குழாயைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தாள், பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறத்தோடு.

அப்போதுதான் ஆதிலட்சுமிக்கு உறைத்தது. கலியமூர்த்தி போட்ட பூட்டே திறவுகோலாக ஆகிவிட்டது. தான் கரண்டியைப் பிடித்திருந்த வரைக்கும் செல்வாம்பாள் கற்றுக்கொள்ளவில்லை. விட்ட அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று துடித்தாள். புருஷனிடம் சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வார் என்பதால் நர்ஸிடம் போய்ச் சொன்னாள். நர்ஸ் அடுத்த வாரமே முதலியார்பேட்டைக்காரர் ஒருவரை அவளிடம் அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகு வீடு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். போகிற வீட்டில் அவள் முதலில் கேட்டது அடுப்படியில் ஒரு நாற்காலி. அடுத்தது, வீட்டில் சமைக்கிறவர்தான் கரண்டியைப் பிடிக்க வேண்டும். தன் வீட்டு அடுப்படியில் நாற்காலி இல்லை. அங்கே நின்றுகொண்டுதான் சமைத்தாள். ஒன்று வேண்டும் என்று அவளுக்கே தோன்றியதில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கள்ளச்சோறு இருந்தது. கலியமூர்த்தியின் ஒருபொழுது வேறு வேறு வேஷத்தில் வந்தது. ஒரு வீட்டில் அது அவல், ஒரு வீட்டில் ஜவ்வரிசிக் கஞ்சி. கனகசெட்டிக்குளத்தில் ரத்தக்கொதிப்பு வந்த ஒரு மீனவர் குழம்பில் உப்பே போடுவதில்லை என்று சத்தியம் செய்தார். அவர் தட்டோரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருவாடு இருந்தது. அது குழம்பில் சேராது என்பது அவர் கட்சி. ஆதிலட்சுமி சிரிக்க மாட்டாள். ஆஸ்பத்திரியில் தன்னைப் பார்த்து ஒருத்தர் சிரித்தபோது எப்படி இருந்தது என்று அவளுக்கு நினைவிருந்தது. மற்றபடி ஒவ்வொரு கள்ளச்சோற்றைக் கண்டுபிடிக்கும்போதும் உள்ளுக்குள் அவளுக்குக் கொண்டாட்டம்தான்.

எழுபத்தொன்பதில் குருசுக்குப்பத்திலிருந்து ஆள் வந்தது. சொல்தா சின்னக்கண்ணு வீடு. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன்வரை போய்விட்டு வந்து, பிரான்சு பென்ஷனில் வாழ்கிறவர்களைச் சொல்தா என்பார்கள். அந்த வீட்டுச் சாப்பாடே தனி. சின்னக்கண்ணுவுக்குச் சர்க்கரை, அவர் வீட்டுக் கள்ளச்சோறு ரொட்டி. ஆமாம், முழ நீளத்துக்குப் பேக்கரியிலிருந்து சுடச்சுட வருமே, அந்த ரொட்டி. சோற்றை விட்டுவிட்டேன் மதாம் என்று இவளிடமும் பெருமையடித்துக்கொண்டே அதை ஒடித்து ரகூ என்கிற கறிக்குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மணியம்மாள் குண்டாக, படபடவென்று பேசுகிற அம்மாள். அவளுக்கு ரத்தக்கொதிப்பு. அவள் முதல் நாள் ஆதிலட்சுமியை ஏம்மா என்று கூப்பிட்டாள், சமைத்துவிட்டுப் போயேன், கூலி கூடப் போட்டுத் தருகிறேன் என்றாள். ஆதிலட்சுமி நாற்காலி கேட்டாள். ஒரு மாசத்தில் ஏம்மா போய் டீச்சர் ஆயிற்று.

மணியம்மாள் கற்றுக்கொண்ட வேகம் ஆதிலட்சுமியையே திணறடித்தது. கறியில் கொழுப்பை வாரி எடுத்தாள். தேங்காய்ப்பால் ஊற்றுகிற இடத்தில் வெந்த பயத்தம்பருப்பை அரைத்து ஊற்றினாள். சைகோனில் அவர்கள் பழகியிருந்த பலகாரம் ஒன்று உண்டு. மெல்லிய அரிசித் தாளில் இறால் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிப்பது. அதை முட்டைக்கோஸ் இலையில் சுருட்டி ஆவியில் அவிக்கலாம் என்று அவளே கண்டுபிடித்தாள். சின்னக்கண்ணுவின் குழாய் பச்சைக்கு இறங்கியது. அந்தப் பெருமையில் மணியம்மாள் ஒரு காரியம் செய்துவிட்டாள். ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர் திருநாள், அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டில் விருந்து, எல்லாம் என் கையால், எல்லாம் சர்க்கரைக்காரர் சாப்பிடக்கூடிய சாப்பாடு என்று சொல்தா குடும்பங்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அவர்களில் பாதிப் பேருக்கு அந்த வியாதி இருந்தது.

அந்த விருந்து சரியாக அமைந்தால் குருசுக்குப்பம் முழுக்க வகுப்பு எடுக்கலாம் என்று ஆதிலட்சுமிக்குத் தெரியும். அமையாவிட்டால், பத்தியச் சாப்பாடு பத்தியச் சாப்பாடுதான் என்று கைகழுவிவிடுவார்கள். சின்னக்கண்ணு கலியமூர்த்தியையும் கட்டாயம் வரச் சொல்லியிருந்தார். இந்தச் சாப்பாட்டில் பிழைத்த மனுஷனை எல்லாருக்கும் காட்ட வேண்டுமாம்.

காலையில் கடற்கரையில் கொடிக்கு மரியாதை செலுத்திவிட்டு, கோட்டில் பதக்கங்கள் ஆட சொல்தாக்கள் வந்து சேர்ந்தார்கள். கூடத்தில் பிரெஞ்சும் தமிழுமாகச் சிரிப்பு. வெள்ளை வேட்டியில் போயிருந்த கலியமூர்த்திக்கு அந்தக் கோட்டுகளுக்கு நடுவே இருப்புக் கொள்ளவில்லை. கொல்லைப் பக்கம் வந்து கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டார். அங்கேதான் பெரிய விருந்துச் சமையல் நடந்தது. செங்கல் கூட்டிய விறகடுப்பில் கறிக்குழம்பு கொதித்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆதிலட்சுமி. வியர்க்க விறுவிறுக்க மணியம்மாள்.

சரிகைச் சேலை கட்டிய ஒரு விருந்தாளி அம்மாள் கொல்லை வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள். இவள்தான் புதுச் சமையல்காரியா, உட்கார்ந்துகொண்டிருக்கிறாளே என்று மணியம்மாளைக் கேட்டாள். டீச்சர் என்றாள் மணியம்மாள். அந்த அம்மாள் ஓ என்று ஒரு சிரிப்புச் சிரித்தாள். போய்விடாமல், வேடிக்கை பார்க்க அங்கேயே நின்றுகொண்டாள். ஆதிலட்சுமிக்குக் காதெல்லாம் சூடானது.

அரைத்த பருப்பை ஊற்றியாயிற்று. பருப்பு ஊற்றிய குழம்பைக் கண நேரம்கூடச் சும்மா விட முடியாது. கிண்டிக்கொண்டே இருக்காவிட்டால் அடி பிடித்துவிடும். வேலைக்காரப் பெண் பேக்கரிக்குப் போயிருந்தாள். மணியம்மாள் பக்கத்துச் சட்டியில் அவியும் சுருள்களைப் பார்க்கலாம் என்று அவசரத்தில் மூடியைத் தூக்கினாள். ஆவி குபீரென்று வந்து அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டது. அலறிக்கொண்டு மூடியைப் போட்டாள். விரலெல்லாம் சிவந்துவிட்டது. இடது கையால் நீட்டுக் கரண்டியைப் பிடித்துப் பார்த்தாள், குழம்பின் கனத்துக்குக் கரண்டி அசையவில்லை.

“டீச்சர், நீயே கிண்டு,” என்று கரண்டியை நீட்டினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. “எல்லாரும் உள்ள குந்திட்டாங்க. என் மானத்தக் காப்பாத்து.”

ஆதிலட்சுமி எழுந்துவிட்டாள். பின்னால் கட்டியிருந்த கைகள் தாமாகப் பிரிந்துவிட்டன. குழம்பு அடியில் பொத் பொத்தென்று வெடிப்பது அவள் காதில் விழுந்தது. அது அடி பிடிக்கப்போகிற சத்தம். வாசலில் சரிகைச் சேலை நின்றுகொண்டிருந்தது. கரண்டியை வாங்கினால் அந்த அம்மாள் நினைத்தது சரியாகிவிடும். நாளைக்குக் குருசுக்குப்பம் முழுக்க இவள் சமையல்காரிதான். அதுகூடப் போகட்டும். அவள் கொடுத்த வார்த்தை? இதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் போக முடியாது, எந்தக் குழாயும் எந்த நிறமும் கிடையாது. வாங்காவிட்டாலோ மணியம்மாள் இத்தனை பேருக்கு முன்னால் தலைகுனிந்து நிற்பாள். ஆதிலட்சுமி கிணற்றடியைத் திரும்பிப் பார்த்தாள். பரவாயில்லை, எடு என்று அவர் ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும்.

கலியமூர்த்தி தலையை அசைக்கவில்லை. எழுந்து வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். குடிக்கிற தண்ணீரைக்கூட வீட்டில் தானாக மொண்டு குடிக்காத மனுஷன், மணியம்மாள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

“நீ குந்து,” என்றார் ஆதிலட்சுமியிடம். “இன்னா பண்ணணும், சொல்லு.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், கையைப் பின்னால் கட்டினாள். அடியிலேர்ந்து தள்ளுங்க, மேலாப்புல சுத்தாதீங்க என்றாள். அவர் தறிக்காரர், கைக்குத் தாளம் தெரியும். அடியிலிருந்து தள்ளினார். விறகை ஒன்று வெளியே இழுங்க என்றாள், இழுத்தார். மிளகுத்தூள் என்றாள். எது என்றார். கறுப்பா இருக்கிறது என்றாள். உப்புப் பார்க்கச் சொன்னாள். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டார். மணியம்மாள் கையைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு, அழுகிற முகத்தோடு சிரித்துவிட்டாள். சுருள் சட்டியை ஆதிலட்சுமி சொன்ன பக்குவத்தில் இறக்கினார். மீசையெல்லாம் வியர்வை. குழம்பு அடி பிடிக்கவில்லை. நல்ல பொன்னிறத்தில் திரண்டு நின்றது.

விருந்து நடந்தது. சொல்தாக்கள் பேசுவதை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டார்கள். சமைத்தவர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? ரொட்டித் துண்டு ஒன்றே ஒன்று என்று விதி. அதைக்கூட இரண்டு பேர் தொடவில்லை. சின்னக்கண்ணு எழுந்து நின்று, பதக்கங்கள் குலுங்க, என் மனைவிக்கு மெர்சி என்று நன்றி சொன்னார். மணியம்மாள் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, பாதி நான், மீதி யார் என்று அதோ நிற்கிற அவரையே கேளுங்கள் என்றாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கூடத்து வாசலில், இடுப்பில் துண்டோடு, வேட்டியில் மஞ்சள் கறையோடு கலியமூர்த்தி. மில் வாசலில் ஒரு சொல்லுக்குக் கூனிக் குறுகிய மனுஷன். இப்போது கோட்டு போட்ட கூட்டத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார்.

“மீதி நான்தாங்க சமைச்சேன்,” என்றார். “எனக்கு ஒண்ணும் தெரியாது. அதோ அவங்கதான் டீச்சரு, அவங்க சொல்லச் சொல்லப் பண்ணேன்.”

கொல்லை வாசலில் நின்றிருந்த ஆதிலட்சுமிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டாள். சரிகைச் சேலை அம்மாள்தான் முதலில் அவளிடம் வந்தாள். எங்கள் வீட்டுக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்டாள். அடுப்படியில் நாற்காலி போடுவேன் என்றும் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது கலியமூர்த்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். அவளை ஏறி உட்காரச் சொல்லவும் மறந்துவிட்டார். கிண்டி ஓய்ந்த தோள் வலிக்கிறது என்றார். நீ தினம் இதைத்தான் பண்றியா என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அன்றைக்குக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிய மாதிரி அவளுக்கு மறுபடி ஓட வேண்டும்போல இருந்தது.

மறுநாள் காலையில் அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனபோது, முன்னறையில் விருந்தாளிகளுக்கென்று கிடந்த ஒரே நாற்காலியைக் காணவில்லை. அடுப்படியில் கிடந்தது. பக்கத்தில், ஷிஃப்டுக்குப் போகும் முன்னால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கலியமூர்த்தி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

“குந்து,” என்றார். “இன்னிக்கி இன்னா பாடம்?”